‘ங்க’ இல்லாத இடம்

எங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “வலிக்குங்களா?”

வலிக்காது, மறக்கும் என்பேன். “அவ்வளவுதானுங்களா” என்று முகம் மலர்ந்துவிடும். ஊசிக்குப் பயப்படுவதில் பாதிகூட நம் ஜனங்கள் மறதிக்குப் பயப்படுவதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்து என்ன செய்ய? சிரித்த முகமாக உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, முதலிலிருந்து விளக்குவேன்.

என் பெயர் ஓவியா. ஈரோட்டுக்கு வெளியே, பெருந்துறை சாலையில் இருக்கிற மருந்திறக்க மையத்தில் வேலை. மேலிடத்தில் வைத்த பதவிப் பெயர் நினைவு மாற்று வல்லுநர். ஊர் வைத்த பெயர் ‘எறக்கற அக்கா’. ஊர் வைத்ததுதான் பொருத்தமான பெயர் என்பது என் கட்சி.

வலிப்புக் காய்ச்சல் வந்துபோன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் விட்டது, வலிப்பு விடவில்லை. பச்சை மாத்திரை வந்த பிறகுதான் ஜனங்கள் பயமில்லாமல் தெருவில் நடந்தார்கள். சில வருஷம் விடாமல் சாப்பிட்டால் வலிப்பு அடியோடு போய்விடும். அதற்குள் மாத்திரை ஈரலில் கைவைக்க ஆரம்பித்திருக்கும். அதனால் ஒரு கட்டத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தியபோதுதான் தெரிந்தது, மாத்திரையோடு வாழ்ந்த வருஷங்களும் மாத்திரையோடு போய்விடுகின்றன என்று.

நிலானி வந்த அன்று அவளுடன் இரண்டு பேர் வந்தார்கள். கணவன் பிரணவ், கோபிச்செட்டிப்பாளையத்தில் சோலார் பம்பு பழுது பார்ப்பவன். அமைதியான பையன், கையில் எப்போதும் கிரீஸ் வாசனை. இன்னொருவர் மாமியார் சிந்துஜா. கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட பேச்சு.

“சித்த நவுந்து உக்காரு. ஃபேன் காத்து எனக்கு வர வேண்டாமா?” என்று நிலானி புருஷனைத் தோளால் இடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். சிந்துஜாவின் முகம் சுண்டியது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. கொங்குநாட்டில் நாங்கள் பால்காரருக்கு ‘ங்க’ போடுவோம், பஸ் கண்டக்டருக்குப் போடுவோம், திட்டும்போதுகூட “போங்க அக்கட்டால” என்றுதான் திட்டுவோம். புருஷனை ‘நீ’ என்கிற பெண்கள் இந்தக் காலத்திலும் எங்கள் பக்கம் குறைவு. மாமியாரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவள் அதிலும் குறைவு. எனக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

“நிறுத்துனா ஞாபகம் எப்படிங்க போகும்? அது மூளைக்குள்ள இருக்கறதுதானுங்களே?” என்று பிரணவ் கேட்டான்.

“எங்கயும் போகாதுங்க. உள்ளயேதான் இருக்கும், கைக்கு அகப்படாது. நீங்க ரூமுல இருந்து எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போறீங்க. எதுக்கு வந்தோம்னு மறந்துருது. என்ன பண்ணுவீங்க?”

“கெளம்புன எடத்துக்கே திரும்பப் போவனுங்க.”

“போனதும்?”

“ஞாபகம் வந்துருமுங்க.”

“அதேதான். மாத்திரை போட்ட ஒடம்பு ஒரு ரூமு. போடாத ஒடம்பு வேற ரூமு. இந்த ரூமுல கத்துக்கிட்டது இந்த ரூமுல நின்னாத்தான் ஞாபகத்துக்கு வரும். மத்த மருந்துக்கும் சாராயத்துக்கும்கூட இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. பச்சை மாத்திரைக்கு ரொம்ப ஜாஸ்தி.”

நிலானி புருவத்தைத் தூக்கினாள். “நான் கண்ணாலம் பண்ணுனது, படிச்சது எல்லாம் இந்த ரூமுலதான். பூட்டிட்டு வெளிய போனா இவன் யாருன்னே தெரியாம போயிருமாக்கா?”

“போலாம் கண்ணு. போன மாசம் சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தர். அவரையும் ஒழுங்காத்தான் எறக்குனோம். கடைசிப் படியில வழுக்கிட்டாரு. பொண்டாட்டியைப் பாத்துக் கும்புட்டு, ‘நீங்க யாருங்க, எந்த ஊருங்க’ன்னு அத்தனை மரியாதையாக் கேட்டாரு. அந்தம்மா அங்கயே உக்காந்துட்டாங்க.”

சிந்துஜா “ஆண்டவனே” என்றார்.

என் வேலை என்னவென்றும் சொன்னேன். மாடியிலிருந்து சாமான் இறக்குவதைப் போன்றது. மருந்தைப் படிப்படியாகக் குறைப்போம். ஒவ்வொரு படியிலும் நோயாளி அந்த நினைவைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, அது அந்தப் படியிலும் ஒரு தரம் பதிந்துவிடும். அடுத்த படியில் மறுபடி சொல்ல வேண்டும். நானோ வீட்டாரோ எடுத்துக் கொடுக்கலாம். நாங்களே சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அது பிறர் சொல்லிக் கேட்ட கதையாகத்தான் உள்ளே போகும், அவளுக்கு நடந்ததாகப் போகாது. அப்புறம், எல்லாவற்றையும் இறக்க முடியாது. மூளைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

“எதெது வேணும்னு நீதான் சொல்லணும்” என்றேன்.

நிலானி யோசிக்கவேயில்லை. “இவன் ஒண்ணு. என்ர காது ஒண்ணு.”

காது என்று அவள் சொன்னது அவள் படிப்பை. கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளின் சுழலும் சத்தத்தை ஒலிவாங்கியில் கேட்டு, எந்த இறக்கையில் விரிசல், எந்த உருளையில் தேய்மானம் என்று கண்டுபிடிக்கிற வித்தை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வீட்டிலிருந்தபடி படித்து, பரீட்சையில் முதலாவதாக வந்தவள். வேலைக்கு மட்டும் இன்னும் போகவில்லை என்றாள்.

“வேற?”

“வேறெல்லாம் இங்கயே கெடக்கட்டும். சண்டை சச்சரவையெல்லாம் சுமந்துட்டுப் போயி என்ன பண்றது?” என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஃபேனை அண்ணாந்து பார்த்தான். ஃபேனில் பார்க்க ஒன்றுமில்லை. அதை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

இறக்கம் நன்றாகத்தான் போனது. நிலானி சொல்வதில் கெட்டிக்காரி. பெண் பார்க்க வந்த அன்று பிரணவ் வாயைத் திறக்காமல் இரண்டு தரம் கேசரி வாங்கிச் சாப்பிட்டதை ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னாள். காதும் இறங்கியது. நான் காற்றாலைச் சத்தத்தைப் போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “மூணாவது எறக்கை, நுனியில” என்பாள். சரியாக இருக்கும்.

மருந்து பாதியாகக் குறைந்தது. ஒரு காலை நான் அறைக்குள் போனபோது நிலானி நின்றுகொண்டிருந்தாள். பிரணவும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்மா நிக்கறே?”

“இருக்கட்டுங்கக்கா” என்றாள். பிறகு பிரணவைப் பார்த்து, தலையைத் தாழ்த்தி, “ஏனுங்க, தண்ணி வேணுங்களா?” என்று கேட்டாள்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

அன்று நான் போட்ட எல்லாச் சோதனையிலும் அவள் தேறினாள். கல்யாணம் நினைவிருந்தது. கேசரி நினைவிருந்தது. மூன்றாவது இறக்கை நினைவிருந்தது. ஆனால் காற்றாலைச் சத்தத்துக்குப் பதில் சொல்லும்போது, “மூணாவதுன்னு தோணுதுங்க, தப்பா இருந்தாலும் இருக்குமுங்க” என்றாள். வெளியே போவதற்கு முன் மாமியாரிடம், “போலாங்களா அத்தை?” என்று அனுமதி கேட்டாள். அறையை விட்டு வெளியே போவதற்கு.

“இப்பத்தான் பாருங்க, மருமக மாதிரி இருக்கா” என்றார் சிந்துஜா, அவள் போன பிறகு. “இத்தனை வருசமா இவ பேசுனதெல்லாம் மருந்துத் திமிரு. மருந்து எறங்குது, திமிரும் எறங்குது. நல்லதுதானுங்களே?”

எனக்கு வந்த கோபத்தை மோர் கொடுத்தெல்லாம் ஆற்ற முடியாது.

“மாத்திரைக்குத் திமிரு குடுக்கத் தெரியாதுங்கம்மா. அப்படி ஒரு மாத்திரை இருந்தா நானே வாங்கித் தெனம் சாப்பிடுவேன். இந்தப் புள்ள ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு எடத்துல, எதிர்த்து நிக்கக் கத்துக்கிட்டிருக்கா. கத்துக்கிட்டப்ப ஒடம்புல மாத்திரை இருந்துச்சு, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா ஞாபகம். எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்டா அது மட்டும் வியாதியா?”

சிந்துஜா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார். பிரணவ் மட்டும் இருந்தான்.

“அக்கா, எனக்கு அந்த ‘நீ’ வேணுங்க” என்றான். “எங்கூட்ல எல்லாருக்கும் எல்லாரும் ‘ங்க’தான். எங்கப்பாவும் எங்கம்மாவும் கடைசி வரைக்கும் விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரியேதான் பேசிக்கிட்டாங்க. இவ ஒருத்திதான் என்னை மனுசனா நெனச்சு இடிச்சா, திட்டுனா, வாடான்னா. இன்னைக்குத் தண்ணி வேணுங்களான்னு கேக்கறா. நான் என்ன டீக்கடைக்கா வந்திருக்கேன்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் தப்பு எல்லோருடையதும்தான். கல்யாண நாளை இறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ‘நீ’யை இறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நாக்கில் கிடக்கிற சொல், தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டோம். அது தானாக வந்த சொல் இல்லை. என்றோ ஒரு நாள் அவள் கற்றுக்கொண்ட சொல். அந்த நாளோடு சேர்ந்து அது மேலேயே தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த தைரியமும் அங்கேயே தங்கிவிட்டது. இந்த நிலையில் அவள் கீழே வந்தால் காது வரும், கேட்டதை அடித்துச் சொல்கிற வாய் வராது. காற்றாலை நிற்கிற கடல்மேடையில் அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

“மொத மொதல்ல உங்களை எப்ப ‘நீ’ன்னு கூப்பிட்டா? அந்த நாளைப் புடிச்சாப் போதும்” என்றேன்.

பிரணவ் உதட்டைக் கடித்தான். பிறகு சொன்னான், “பவானி கூடுதுறைல, பரிசல்ல போறப்பங்க. மழை வந்துச்சு. ‘நீ நனைஞ்சுட்டே’ன்னா.”

அழகாக இருந்தது. அழகாக இருந்ததைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் நிலானியைப் பரிசலில் ஏற்றி இறக்கினேன். மழை நினைவு வந்தது, பரிசல் நினைவு வந்தது, அவன் நனைந்ததும் நினைவு வந்தது. “நீங்க நனைஞ்சுட்டீங்கன்னு சொன்னேனுங்க” என்றாள் தயங்கித் தயங்கி.

மூன்றாம் நாள் சிந்துஜாதான் போட்டு உடைத்தார். பரிசல் கதையைக் காதில் வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

“பரிசலாவது ஒண்ணாவது! எங்கூட்டு நடுவாசல்ல நின்னுக்கிட்டு, ‘நீ யாரு’ன்னு இவனைக் கேட்டாளே, அந்தக் கடல் வேலைச் சண்டையில. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் நீ, வா, போ எல்லாம். நான் அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கைல இருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு.”

பிரணவ் ஃபேனைப் பார்த்தான்.

நான் அவனை வெளியே, வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவனாகவே சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து போன் வந்திருக்கிறது. கடல்மேடையில் நிலானிக்கு வேலை, உடனே வந்து சேர வேண்டும். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இவன் எடுத்து, “அவங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்க, வர மாட்டாங்க” என்று சொல்லி வைத்துவிட்டான். சேர வேண்டிய நாள் கடந்த பிறகுதான் அவளிடம் சொன்னான்.

“கடலுக்கு நடுவுல வலிப்பு வந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்தனுங்க.”

“வலிப்பு நின்னு ரொம்ப நாளாச்சே?”

“ஆமாங்க” என்றான். கொஞ்சம் கழித்து, “அவ போயிருவான்னும் பயம்தானுங்க” என்றான்.

அவள் கத்தியிருக்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பம்பு ரிப்பேருக்குப் போய்விட்டான். சில நாளில் அவளே சமாதானமாகிவிட்டாள். கோபத்தில் வந்த ‘நீ’ மட்டும் திரும்பிப் போகவில்லை. நாளாக ஆகக் கொஞ்சலாகிவிட்டது.

“பிரணவ், தெளிவாச் சொல்றேன் கேட்டுக்குங்க” என்றேன். “நீங்க இப்படியே உட்டுட்டா, நீங்க பண்ணுனது அவளுக்கு என்னைக்குமே தெரியாது. உங்களை மரியாதையா நடத்துவா, தண்ணி மோந்து குடுப்பா. உங்கம்மாவுக்கும் சந்தோசம். அந்த ‘நீ’ வேணும்னா, அந்தச் சண்டையும் சேந்துதான் வரும். ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியாது. வந்தப்பறம் அவ உங்களை மன்னிப்பாங்கறதுக்கும் நான் பொறுப்பில்லை.”

அவன் மரத்தடியிலேயே நின்றான். நான் உள்ளே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவன் விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். தப்பைத் துடைக்க இவ்வளவு சுத்தமான துணி யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்து கதவருகில் உட்கார்ந்திருந்தான். “எறக்குங்கக்கா” என்றான்.

டாக்டர் பெனிட்டாவைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. சென்னைக்காரர், எங்களிடம் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. நல்ல டாக்டர். அதனாலேயே பிடிவாதக்காரர்.

“பாதி டோஸ்ல அந்தச் சண்டை அவளுக்கு வராது. மறுபடி முழு டோஸ் குடுக்கணும். லிவர் ரிப்போர்ட்டைப் பாத்தியா ஓவியா? ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டைக்காக நான் அதைச் செய்யணுமா?”

“சண்டைக்காக இல்லீங்க டாக்டர். இந்தப் பொண்ணு ‘தோணுதுங்க, தப்பா இருந்தாலும் இருக்குமுங்க’ன்னு சொல்லிட்டு இருந்தா இவ காதை யாரு நம்புவாங்க? நாம எறக்கறது ஆளை. ஆளுல பாதியை மேலயே உட்டுட்டு வந்தா, எறக்கிட்டோம்னு கையெழுத்துப் போடுவீங்களா?”

அவர் ரிப்போர்ட்டை இன்னொரு தரம் பார்த்தார். “ஒரே தரம்தான். ரெண்டாவது வாட்டி கேட்டுட்டு வராதே.”

முழு மாத்திரை உள்ளே போன மத்தியானம், நிலானி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். “என்னடா இது, அழுத மாதிரி உக்காந்திருக்கே?” என்றாள் பிரணவைப் பார்த்து. அவன் அப்போதுதான் உண்மையாகவே அழுதான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“அதை வேண்டாம்னுதானக்கா இங்க உட்டேன். அந்தச் சண்டை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதோட போயிட்டாத் தேவலை, இவன் நிம்மதியா இருப்பான்னு பாத்தேன்.” பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “நீயாவா வந்து சொன்னே? நெசமாவே நீயாவா?”

“அம்மாதான் மொதல்ல சொன்னாங்க. பொறகு நான்.”

“அதானே பாத்தேன்” என்றாள். ஆனாலும் அவள் கண் கலங்கியிருந்தது. “சரி, எறக்குங்கக்கா. எல்லாத்தையும் எறக்குங்க. என்னைக் கேக்காம இவன் பண்ணுனது ஒண்ணு போதும். நான் இவனைக் கேக்காம இவன் தப்பை ஒளிச்சு வெக்கறதும் வேண்டாம்.”

அதற்குப் பிறகு நடந்த இறக்கம் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒவ்வொரு படியிலும் அவள் அந்தச் சண்டையைப் போட வேண்டும். கதையாகச் சொன்னால் போதாது. கோபம் இல்லாமல் இறங்கினால் அது வெறும் செய்தியாகத்தான் இறங்கும். ஆகவே பிரணவை எதிரே நிறுத்தினேன். தினமும் காலை உணவுக்குப் பிறகு அவன் வந்து நிற்பான். நான் “குளிச்சுட்டு வந்தே, போன் மேசை மேல இருந்துச்சு” என்று மட்டும் எடுத்துக் கொடுப்பேன். அவள் ஆரம்பிப்பாள். மருந்து குறையக் குறைய, ஆரம்பிக்க நேரமாகும், குரல் நடுங்கும், ‘நீங்க’வுக்கும் ‘நீ’க்கும் நடுவில் நாக்கு தடுமாறும். ஆனால் ஒவ்வொரு நாளும் எப்படியோ அந்த வாக்கியத்தில் போய் நின்றுவிடுவாள். “நீ யாரு அதைச் சொல்றதுக்கு?”

பிரணவுக்கு நான் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மன்னிப்புக் கேட்கக் கூடாது.

“ஏனுங்கக்கா? வாய் வரைக்கும் வருதுங்க.”

“அன்னைக்குக் கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

“இப்பக் கேட்டா அந்த நாளு மாறிப்போயிரும். பாதி மன்னிப்போட எறங்குனா பாதிச் சண்டைதான் எறங்கும். கீழ வந்து சேரட்டும். அதுவரைக்கும் வாங்கிக்குங்க.”

வாங்கிக்கொண்டான். தினம் வந்து நின்று, தினம் புதிதாகத் திட்டு வாங்கி, பதில் சொல்லாமல் போனான். கல்யாணமான ஆண்கள் பலர் செய்கிற காரியம்தான் என்றாலும், இவன் விரும்பி வந்து செய்தான். சிந்துஜா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். முதலில் காதைப் பொத்திக்கொண்டார். சில நாளில் கையை எடுத்துவிட்டார். ஒரு நாள் என்னிடம் மெதுவாக, “அன்னைக்கும் தப்பு என்ர பையன் மேலதானுங்க. அவன் அப்பனும் இப்படித்தான், எனக்கு வந்த டீச்சர் வேலைக்கு எனக்குப் பதிலாப் பதில் சொல்லிட்டாரு” என்றார். “நான் சரிங்கன்னு இருந்துட்டேன்.”

அன்றைக்கு அவருக்கு மோர் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மருந்து முற்றிலும் நின்ற காலை. கடைசிப் படி. சத்தியமங்கலத்துக்காரர் வழுக்கிய படி.

எங்கள் முறைப்படி அன்று யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நோயாளியே முதலில் பேச வேண்டும். டாக்டர் பெனிட்டா கோப்புடன் உட்கார்ந்திருந்தார். பிரணவ் சுவரோரம் நின்றான். சிந்துஜா வாசலில்.

நிலானி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். “எறக்கற அக்காதானுங்களே?” என்றாள்.

“ஆமா கண்ணு.”

டாக்டரைப் பார்த்து, “வணக்கமுங்க” என்றாள். பிறகு பிரணவ் பக்கம் திரும்பினாள்.

அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி சுருங்கியது. அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

“நீ யாரு?” என்றாள்.

டாக்டர் பெனிட்டா கண்ணை மூடித் திறந்தார். “போயிடுச்சு ஓவியா” என்றார் தாழ்ந்த குரலில். “ஹஸ்பண்டை அடையாளம் தெரியலை.” பேனாவைத் திறந்து கோப்பில் எழுதப் போனார். பிரணவ் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

“சித்த நில்லுங்க டாக்டர்!”

சிந்துஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். “எழுதாதீங்க. உங்களுக்கு எங்க ஊருப் பேச்சு தெரியாது. இவ தெரியாதவங்களை ‘நீ’ன்னு சொல்ற புள்ளையா? இப்பத்தானுங்களே உங்களுக்கு வணக்கமுங்கன்னா! அவனை மறந்திருந்தா, ‘நீங்க யாருங்க’ன்னு கேட்டிருப்பா. ‘நீ’ங்கறா டாக்டர். ‘நீ’ங்கறா!”

இத்தனை வருஷம் அந்த ஓர் எழுத்தைக் கேட்டுக் கேட்டு எரிந்தவர், இப்போது அதையே தெய்வம் கொடுத்தது மாதிரி இரண்டு தரம் சொன்னார்.

நிலானி யாரையும் கவனிக்கவில்லை. அவளுக்கு வாக்கியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

“நீ யாரு அதைச் சொல்றதுக்கு? எனக்கு வந்த போனு அது. நான் வருவனா மாட்டனான்னு சொல்றதுக்கு நீ யாருடா?”

பிரணவ் என்னைப் பார்த்தான். இப்போது கேட்கலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் தலையசைத்தேன்.

“யாருமில்ல” என்றான். “அதைச் சொல்ல நான் யாருமேயில்ல. ஒனக்கு ஆசையா வந்த வேலை. பயந்துக்கிட்டு நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு நிலானி.”

அவள் உடனே மன்னித்துவிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மூக்கை உறிஞ்சினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிந்துஜாவைப் பார்த்து, “உக்காருங்க அத்தை, ஏன் நிக்கறீங்க?” என்றாள். பிறகு சொன்னாள், “இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளா ஒனக்கு?”

“அக்கா சொல்ல உடலை” என்றான் அவன். டாக்டர் பெனிட்டா சிரித்துவிட்டார். கோப்பில் என்ன எழுதினார் என்று பிறகு பார்த்தேன். ‘இறங்கியாச்சு’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் பிரணவ் சட்டைப் பையிலிருந்து நிலானியின் போனை எடுத்தான். தூத்துக்குடி எண்ணை அவனே தேடிப் பிடித்து வைத்திருந்தான். அழைத்துவிட்டு, தன் காதில் வைக்காமல், நேராக அவளிடம் நீட்டினான்.

“நீயே பேசு” என்றான்.

நிலானி வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

“வணக்கமுங்க. நான் நிலானி பேசறனுங்க, கோபியில இருந்து... ஆமாங்க, அப்ப நான் பேசலைங்க, வேற ஆளு பேசிட்டாங்க... இல்லீங்க, ஒடம்பு நல்லா இருக்குதுங்க. காதும் நல்லா இருக்குது. சத்தத்தைப் போடுங்க, இப்பவே சொல்றேன்.”

கேட்டாள். கண்ணை மூடினாள்.

“ரெண்டாவது எறக்கை, அடிப்பக்கம் விரிசல். சந்தேகமே இல்லீங்க” என்றாள். பிறகு நீண்ட நேரம் ‘சரிங்க, சரிங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகவரியோ நாளோ சொல்கிறார்கள் போலிருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு பிரணவ் பக்கம் திரும்பினாள்.

“பேனா எடு, நிக்கறே பாரு” என்றாள்.

ஊரில் எல்லோருக்கும் அவளிடம் ‘ங்க’ இருந்தது. அவன் ஒருவனுக்குத்தான் இல்லை. பிரணவ் டாக்டரின் கையிலிருந்த பேனாவையே பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான்.